ஸ்டோரில் பூட்டிய பெல்ட்டுகள்

பெரிய கட்டுமானக் கம்பெனியில் வேலை பார்ப்பதில் என்ன நன்மை என்று யாராவது கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பேன். தேதி தவறாத சம்பளம், பி.எஃப்., குடும்பத்துக்கே மருத்துவ வசதி, தலையில் வெள்ளை ஹெல்மெட். சின்ன மேஸ்திரியிடம் இருந்த காலத்தில் எனக்கு ஹெல்மெட்டும் கிடையாது, அதற்குக் கீழே இத்தனை பயமும் கிடையாது. தீமையைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. அதில் பாதி நானே.

மைசூரு ரிங் ரோட்டை ஒட்டி எழும்பிக்கொண்டிருந்த அடுக்ககத்தில் நான் சூப்பர்வைசர். உயரத்தில் வேலை செய்கிறவர்கள் இடுப்பில் கட்டப் புது பாதுகாப்பு பெல்ட்டுகள் வந்தன. சிமெண்ட் பட்டால் அழுக்காகிவிடும், தலைமை அலுவலக அதிகாரி சோதனைக்கு வரும் வியாழக்கிழமை கொடுத்துக்கொள்ளலாம் என்று ஸ்டோரில் வைத்துப் பூட்டினேன். எல்லா சைட்டிலும் நாங்கள் செய்கிற காரியம்தான்.

புதன்கிழமை காலை, எல்லையோர ஊரான மார்டள்ளியிலிருந்து வந்த கம்பி கட்டுகிறவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க சார், அந்தப் பெல்ட்ட இன்னைக்காச்சும் வெளிய உடுவீங்களா? இல்ல, உங்க மக கல்யாணச் சீருக்கு எடுத்து வெச்சிருக்கீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாவி என் பேன்ட் பையில் இருந்தது.

பதினொரு மணிக்கு அதிகாரி வந்து நின்றார், ஒரு நாள் முன்னதாக. பயந்தால் எனக்கு வாய் நிற்காது. அவருக்குத் தமிழில் வணக்கம், கன்னடத்தில் நமஸ்காரா, ஆங்கிலத்தில் குட்மார்னிங் என மூன்றையும் சொல்லி, போதாதென்று சல்யூட்டும் அடித்தேன். அவர் நேராக ஒன்பதாம் மாடிக்கு ஏறினார். விளிம்பில் குனிந்து கம்பி கட்டிக்கொண்டிருந்தார் நம் ஆள்.

"இவர் பெல்ட் எங்கே?"

"காலையிலயே குடுத்தேன் சார். எத்தனை சொன்னாலும் போட மாட்டேங்கறாங்க."

என் வாய்தான் சொன்னது. அது என்ன சொன்னது என்று எனக்கே பிறகுதான் புரிந்தது. மார்டள்ளிக்காரர் என்னைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த கம்பியைப் பார்த்தார். விட்ட முடிச்சை மறுபடி முறுக்கத் தொடங்கினார்.

பெரிய கம்பெனியில் எதற்கும் படிவம் உண்டு. பெல்ட் போடாதவரின் கேட் பாஸை ரத்துசெய்யும் படிவத்தை அதிகாரி நிரப்பினார். கேட் பாஸ் ரத்தானால் ஆள் சாயங்காலத்துக்குள் குடியிருக்கும் லேபர் ஷெட்டையும் காலி செய்ய வேண்டும். கம்பெனியின் வேறு எந்த சைட்டிலும் நுழைய முடியாது. படிவத்தில் சாட்சி என்ற இடம் காலியாக இருந்தது. நான் உண்மையைச் சொல்ல அதிகாரி அரை மணி நேரம் டீ குடித்துக்கொண்டு அவகாசம் கொடுத்தார், அவருக்கே தெரியாமல். என் வேலை போனால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். கம்பி கட்டுகிறவரின் வேலையை அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. கையெழுத்துப் போட்டேன், பெயருக்கு அடியில் கோடு வேறு இழுத்தேன்.

நான்கு மணிக்கு கேட்டருகே மார்டள்ளிக்காரரும் மனைவியும் ஆட்டோவில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். போன இடத்தில் அவர் மனைவி கையிலிருந்த அடுப்பை வாங்கி உள்ளே வைத்தேன்.

"ஜாக்கிரதையாப் போங்க," என்றேன்.

"சொல்றது யாருன்னு பாருங்க," என்றார் அந்த அம்மாள் கணவரிடம்.

"சும்மா இரு புள்ள. சாருக்கு டூட்டி இருக்குது."

ஆமாம், இருந்தது. ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனேன்.