வெயிலில் காய்ந்த டார்ச் செல்

காலை 6.10: கோயம்பேட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி செல்லும் பேருந்தில் ஏறினேன். கட்டணம் அறுபத்தைந்து ரூபாய். 2008 மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. பையில் ஒரு சாண் நீளம்கூட இல்லாத டார்ச் இருந்தது. உறவினர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. லித்தியம் அயன் செல்கள் இரண்டில் எரியும். அடுத்த தெரு மாடியில் காயும் துணியின் நிறம்கூடத் தெரியும். ஒரு வாரமாக ஐந்தே நிமிடத்தில் கையில் பிடிக்க முடியாதபடி சுட்டது. சென்னையில் கேட்ட மூன்று கடைகளிலும் தூக்கிப் போடச் சொன்னார்கள். இதைப் பார்க்கத் தெரிந்தவர் முதலியார்பேட்டையில் இருக்கிறார் என்று ஒரு நண்பர் சொன்னார்.

9.20: காலாப்பட்டு. பல்கலைக்கழக வாசலில் பாதிப் பேருந்து காலியானது. இடப்பக்கம் மரங்களுக்கு இடையே கடல் வந்து வந்து போயிற்று. இதே இடத்துக்கு மதியத்துக்குள் திரும்பி வருவேன் என்று அப்போது தெரியாது.

10.05: நிலையத்திலிருந்து முதலியார்பேட்டைக்கு ஆட்டோ நாற்பது ரூபாய். அந்தோணிராஜின் கடை ஒரே அறை. வாசலில் ஒரு வாளி மணல். ஒரு பஞ்சாலை மூடும்வரை அங்கே எலக்ட்ரீஷியனாக இருந்தவர். வயது நாற்பத்தைந்து இருக்கும்.

"செல்லு எங்க சார்?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கூடவே இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களும் வந்தன.

"சில்லறையோடவா? நெஞ்சுல அடுப்பைக் கட்டிக்கினு வந்துருக்கீங்க!"

ஒரு நாணயம் செல்லின் இரு முனைகளையும் ஒன்றாகத் தொட்டுவிட்டால் போதும், மின்சாரம் முழுவதும் ஒரே நேரத்தில் பாயும், துணி பற்றிக்கொள்ளும் என்றார். பிறகு மீட்டரை வைத்தார். ஒன்று 4.1 வோல்ட். மற்றது 3.2.

"ஒண்ணை மட்டும் புதுசா வாங்கிப் போட்டீங்களா?"

ஆமாம். ரேடியோவுக்கு அப்படித்தானே செய்கிறோம்?

"இதுல புதுசு இழுக்கும், பழசு தாங்காம சுடும். மாத்துனா ரெண்டையும் மாத்தணும்." பழையதை மணல் வாளியில் செருகினார்.

அப்போது மீன்கூடையுடன் ஒரு பெண் படியேறி வந்தார். காலாப்பட்டு அமுதா. கணவர் முருகையன் ஃபைபர் படகில் மீன் பிடிப்பவர். அவருடைய டார்ச்சும் இந்தக் கடையில் வாங்கியதுதான்.

"அண்ணே, உங்க பேட்டரிக் கட்டை வீக்காயிடுச்சாம். எங்க வீட்டுக்காரரு காலையிலயே வெயில்ல காய வச்சிட்டாரு. மதியம் சார்ஜ் போட்டுட்டா சாயங்காலம் கடலுக்குப் போயிடலாம்னாரு."

அந்தோணிராஜ் எழுந்துவிட்டார். முருகையனின் எண்ணுக்கு மூன்று முறை அடித்தார். மணி போனது, எடுக்க ஆளில்லை. டிராயரிலிருந்து ஒரு புதிய செல்லை எடுத்து பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக்கொண்டார். "சார், வர்றீங்களா?"

11.10: ஸ்கூட்டரில் வடக்கே. சிக்னலில் நின்றபோதுதான் பேசினார். பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து பிரித்த செல்களை முதலில் காலாப்பட்டில் ஆறு பேருக்குக் கொடுத்திருக்கிறார். வோல்ட் எந்த அளவுக்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும் என்று பார்க்கும் சிறு தகடு அவற்றில் இல்லை.

"அஞ்சு பேருது மாத்திட்டேன். இவரு ஒருத்தர்தான் பாக்கி. அது வெடிச்சி கை போச்சின்னா, அப்புறம் இன்னாத்தைச் சொல்லுவேன்?"

11.45: காலாப்பட்டு. கடற்கரையில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கவிழ்த்த அலுமினியக் குண்டான். தொட்டுப் பார்த்தேன், விரல் சுட்டது. செல்லை இதன் மேல்தான் காய வைத்திருக்க வேண்டும், இப்போது ஒன்றும் இல்லை.

"வாங்க முசே!" வீட்டு வாசலில் முருகையன் அந்தோணிராஜைப் பார்த்துச் சிரித்தார். முசே என்றால் புதுச்சேரிப் பிரெஞ்சில் ஐயா. "உங்க கட்டை நல்லா காஞ்சிடுச்சி. இப்பதான் சொருகினேன்."

சார்ஜர் நைலான் வலைக் குவியலின் மேல் இருந்தது. அந்தோணிராஜ் நேரே உள்ளே போனார். முதலில் சுவர் சுவிட்சை அணைத்தார். பிளக்கை உருவி, செல்லைச் சார்ஜரோடு அப்படியே இரும்புக் கரண்டியில் ஏந்தி வெளியே போய், மணலில் வைத்துவிட்டு, எங்களை இருபது அடி தள்ளி நிற்கச் சொன்னார்.

"முசே ஏதோ குண்டைத் தூக்கிக்கினு போற மாதிரி போறாரு," என்றார் முருகையன். யாரும் சிரிக்கவில்லை. 

அரை மணி நேரம் நின்றோம். ஒரு நாய் முகர வந்தபோது முருகையன்தான் கல்லை எடுத்து விரட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. சூடு தணிந்தபின் மீட்டர் 1.6 காட்டியது.

"செத்துடுச்சி. இதுக்கு மேல சார்ஜ் போட்டா உயிர் வராது, நெருப்புதான் வரும்."

"வெயில்ல வச்சா எந்தக் கட்டையும் கொஞ்சம் ஏறுமே?"

"கடையில விக்கிற சாதாக் கட்டை ஏறும். இதுக்கு வெயிலே ஆகாது. வெளிச்சம் மங்குனா எடுத்துடணும், அவ்ளோதான்."

புதிய செல்லை நீட்டினார். தகடு வைத்தது. அளவுக்குக் கீழே போனால் தானாக அணைந்துவிடும்.

முருகையன் கையை நீட்டவில்லை. "நடுக்கடல்ல சட்டுனு அணையுமா? போன மாசம் விசைப்படகு ஒண்ணு நேரா ஏறி வந்திச்சி. இந்த லைட்டை அடிச்சதாலதான் திரும்பிச்சி. அந்த நேரம் பாத்து அணைஞ்சா? எனக்கு இது வேணாம் முசே. மங்கி மங்கி எரியிற பழசே குடுங்க."

அந்தோணிராஜிடம் இருந்தது ஒன்றுதான். என் பையில் 4.1 வோல்ட் செல் இருந்தது, எடுத்து நீட்டினேன். அவர் வாங்கி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தகடு இருக்குது. அளவும் இதேதான்."

இரண்டையும் டப்பாவில் தனித்தனிப் பள்ளத்தில் வைத்து மூடினார். ஒன்று அணைந்தால் அடுத்தது. இருட்டில் செய்து பழக, முருகையன் கண்ணை மூடிக்கொண்டு டார்ச்சைத் திறந்து, செல்லை மாற்றி, மூடினார். மூன்றாவது முறை பத்து எண்ணுவதற்குள் முடித்தார்.

"சரி," என்றார். "வலை மேல சார்ஜரும் இனிமே வைக்கல. போதுமா?"

3.30: அமுதா திரும்பி வந்து வறுத்துக் கொடுத்த நெத்திலியைத் தின்றுவிட்டு, காலாப்பட்டு நிறுத்தத்திலேயே சென்னைப் பேருந்தைப் பிடித்தேன். கட்டணம் ஐந்து ரூபாய் குறைவு.

வீட்டுப் பால்கனிச் சுவரில் டிவி ரிமோட்டின் இரண்டு சாதாக் கட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றை எடுக்கவில்லை. அன்று மின்சாரம் போனபோது, டார்ச்சில் செல் இல்லாததால், மெழுகுவர்த்திதான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அந்தோணிராஜ் கூப்பிட்டார். வலை இழுக்கும் நேரத்தில் முதல் செல் அணைந்திருக்கிறது.

"பத்து எண்ணலையாம் சார், எட்டுலயே மாத்திட்டாராம். உங்க செல்லுலதான் கரைக்கு வந்துருக்காரு."