ஏழாவது ஜன்னல்

மெழுகு செதுக்கும் கத்தியின் நுனியால் இடமிருந்து வலமாக ஒருமுறை, வலமிருந்து இடமாக ஒருமுறை எண்ணுகிறார். மேல்செட்டுக்குப் பதினான்கு பல். இருபத்தேழு வருடமாகப் பல்செட் செய்கிற கை; ஒருநாளும் பதினைந்து வந்ததில்லை. ஆனாலும் எண்ணாமல் பெட்டிக்குள் வைக்க மாட்டார். "அடுத்தவங்க வாய்க்குள்ள போற சாமான். எண்ணிக்கையில தப்பு வரலாமா?" என்பார். எதிரில் நிற்பவரின் கண்ணைப் பார்த்து அவர் பேசி யாரும் கண்டதில்லை. பார்வை நேராகப் பல்லுக்குப் போய்விடும். கல்யாணத்துக்கு முன் முதல்முதலாகப் பேசிய அன்றைக்கும் அப்படித்தான் பார்த்தார் என்று மனைவிக்கு இன்னும் ஒரு குறை உண்டு.

பல் மருத்துவமனையின் பின்பக்கம், மூன்றாவது மாடியில் ஒரு நீள அறைதான் அவருடைய லேப். அலமாரியில் பிளாஸ்டர் தாடைகள் வரிசையாக வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். அவற்றுக்கு நடுவில் எப்போதும் பாதி முடிந்த ஒரு விண்கலம் இருக்கும், ஒரு சாண் நீளத்தில். பல்செட்டில் மிச்சமாகும் ஈறு நிறப் பிளாஸ்டிக்கை வார்த்து, மேலே சாம்பல் நிறப் பெயின்ட் அடித்துச் செய்வது. கேட்பவர்களுக்குச் சும்மா கொடுத்துவிடுவார்.

அந்த விண்கலம் வருகிற சினிமாப் படங்கள் மொத்தம் நான்கு பாகம். நான்காவது வந்து பத்தொன்பது வருடமாகிறது. அதன் முடிவில் ஆறு பேர் ஆறு அறைகளில் தூங்கப் போகிறார்கள், கலத்தில் விளக்கு அணைகிறது, அதோடு சரி. அவர்கள் எழுந்திருப்பார்கள் என்று இன்னும் காத்துக்கொண்டிருக்கும் முந்நூற்று நாற்பது பேர் போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அங்கே இவர் பெயர் பல் மாமா. எந்தப் பாகத்தில் யார் என்ன நிறச் சட்டை போட்டிருந்தார் என்று சண்டை வந்தால், மாமா சொன்னதோடு பேச்சு முடிந்துவிடும்.

போன மாதம் ஐந்தாம் பாகத்தை அறிவித்தார்கள். எடுக்கப் போவது அக்காவும் தம்பியுமாக இரண்டு புதியவர்கள். இதற்கு முன் அவர்கள் எடுத்தவை ஒரு பேய்ப் படமும், மாப்பிள்ளை மாறிப்போகும் ஒரு சிரிப்புப் படமும். குழுவில் ஒருவருக்கும் தலையும் வாலும் புரியவில்லை. "கப்பல்ல பேயை ஏத்திடுவாங்க" என்றார் ஒருவர். "இல்ல, கேப்டனுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சிடுவாங்க" என்றார் இன்னொருவர். மாமாவிடம் கேட்டார்கள். "கெட்டிக்காரப் பசங்க மாதிரியும் தெரியுது, பயமாவும் இருக்கு. எனக்கு ஒண்ணும் ஓடல" என்று எழுதினார். மாமாவுக்கே ஓடவில்லை என்றால் நாடு என்னாவது என்று ஒரு தையல்காரர் வருத்தப்பட்டார்.

இந்த நிலையில் அக்காவும் தம்பியும் தங்கள் மேசையைப் போட்டோ பிடித்து இணையத்தில் போட்டார்கள். ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. இரண்டு கோப்பை, ஒரு கட்டுக் காகிதம், பின்னால் அந்த விண்கலத்தின் சின்ன மாதிரி. யாரோ பெரிதாக்கிப் பார்த்தார்கள். சினிமாவில் வரும் கலத்துக்கு ஆறு ஜன்னல், அறைக்கு ஒன்று. மேசையில் இருந்ததற்கு ஏழு. அரை மணி நேரத்தில் இருநூறு செய்தி. கலத்தின் வயிற்றில் பெயின்ட் உரிந்து இளஞ்சிவப்பாக ஏதோ தெரிந்தது. உள்ளே சதை வளர்கிறது, இது உயிருள்ள கப்பல் என்று தையல்காரர் அடித்துச் சொன்னார்.

மாமா லேப்பில் சாப்பிட்டுக்கொண்டே அதைப் பார்த்தார். தினமும் குழைக்கிற நிறம் அவருக்குத் தெரியாதா? பதினோரு வருடத்துக்கு முன் அவர் செய்த கலம் அது. டிரில் வழுக்கி இடம் தவறி ஒரு துளை விழுந்துவிட்டது. அடைத்தால் ஒட்டுத் தெரியும் என்று அப்படியே விட்டு, சரியான ஆறையும் போட்டார். யார் உட்கார்ந்து எண்ணப் போகிறார்கள் என்று, வாழ்க்கையில் அந்த ஒரே ஒருமுறை நினைத்திருக்கிறார். யாருக்கோ கொடுத்தது, யார் யார் கையிலோ மாறி, எப்படி அந்த மேசைக்குப் போனது என்பதுதான் விளங்கவில்லை.

"சொல்லிட வேண்டியதுதானே" என்றார் மனைவி, வீட்டுக்கு வந்து அவர் விஷயத்தைச் சொன்னதும், துணி மடித்துக்கொண்டே.

"சொன்னா, இத்தனை நாள் நான் சொன்னதெல்லாம் சரியான்னு கேப்பாங்க. சொல்லாட்டி, அந்தப் பசங்க ஏழுன்னே நம்பிப் படத்தை எடுத்துட்டா?"

"எடுத்தா என்னங்க. ஒரு ஜன்னல் கூட இருந்தா காத்து வரும்."

"விண்வெளியில ஏதுடி காத்து."

"அப்ப ஜன்னலே எதுக்கு?" என்று கேட்டுவிட்டு அவர் அடுத்த துணியை எடுத்தார்.

அன்று ராத்திரி குழுவில் ஒரு நர்ஸ் எழுதினார். நான்கு பாகத்தையும் கணவரோடு முதல் நாளே பார்த்தவர். இரண்டு வருடத்துக்கு முன் கணவர் போனதிலிருந்து குழுவில் ஒரு எழுத்து எழுதியதில்லை. மூன்றாம் பாகத்தில் செத்துப்போன டாக்டர் சாகவில்லை, ஏழாவது அறையில் தூங்குகிறார் என்பது அவருடைய கணிப்பு. "நமக்குக் காட்டல, அவ்வளவுதான். காட்டலைன்னா அங்க ஆளே இல்லைன்னு ஆயிடுமா?" என்று முடித்திருந்தார். மாமா அதை நாலு தரம் படித்தார். தன் பேர் கெட்டுப்போகும் என்ற கவலை அதற்குப் பிறகு அவருக்குச் சின்னதாகப் போய்விட்டது. உண்மையைச் சொன்னால் அந்தப் பெண் மறுபடி பேசாமல் போய்விடுவாளே என்பதுதான் பெரிதாக நின்றது.

பேசாமலே இருந்திருப்பார். ஆனால் மறுநாள், டாக்டரைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி இயக்குநர்களுக்கு ஒரு கடிதம் தயாராகி, முதல் கையெழுத்து மாமாதான் போட வேண்டும் என்று வந்து நின்றது. தெரிந்தே பொய்யில் கையெழுத்துப் போட அவருக்குக் கை வரவில்லை. டிரில் வழுக்கிய கதையை ஒன்று விடாமல் எழுதிக் குழுவுக்கு அனுப்பினார்.

ஒருவரும் நம்பவில்லை. "டைரக்டருங்க மாமாவைக் கூப்பிட்டுப் பேசிட்டாங்க போல" என்றார் ஒருவர். "பாவம், வெளிய சொல்லக் கூடாதுன்னு எழுதி வாங்கியிருப்பாங்க" என்றார் தையல்காரர். ஒரு மணி நேரத்தில் ஏழாவது அறை உறுதி என்று முடிவாகி, மாமாவுக்கு வாழ்த்துகள் குவிந்தன. மனிதர் குழம்பிப்போய் நான்காம் பாகத்தைப் போட்டு ஜன்னலை எண்ணினார். ஆறு. மறுபடியும் ஆறு. மூன்றாவது தரம் ஏழு போலவும் இருந்தது. பக்கத்தில் ஒரு நட்சத்திரம்தான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

மதியம் நர்ஸே போன் செய்தார்.

"அண்ணா, எல்லாரும் நீங்க மறைக்கிறீங்கன்னு சொல்றாங்க. எங்கிட்ட மட்டும் நிஜத்தைச் சொல்லுங்க."

"நிஜமாவே கை தவறினதுதாம்மா."

"அப்ப அந்த ரூமே இல்லையா?"

"படத்துல இல்லம்மா. இனிமே எடுக்கறதுல இருக்குமான்னு எனக்குத் தெரியாது. எனக்கு இப்ப எதுவுமே தெரியல."

"சரிண்ணா. எனக்கும் ஒரு கப்பல் செஞ்சு தர்றேன்னு முன்னாடி சொன்னீங்களே" என்றார்.

"பாதி முடிஞ்சிருக்கு. இந்த வாரம் குடுத்துடறேன்."

போனை வைத்துவிட்டு அந்தக் கலத்தை எடுத்தார். மேல்மூடி இன்னும் ஒட்டவில்லை. பக்கவாட்டில் ஆறு துளை, ஒரே இடைவெளியில். ஸ்கேலை வைத்து அளந்து, கடைசி ஜன்னலுக்கு அடுத்ததாகப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். டிரில்லை இரண்டு கையாலும் பிடித்து ஏழாவதைப் போட்டார். பிறகு பல் செய்கிற வெள்ளைப் பிளாஸ்டிக்கில் துளியூண்டு கிள்ளி, அரிசி அளவுக்கு உருட்டி, இரண்டு விரலால் நீட்டினார். கை கால் என்று சொல்ல எதுவுமில்லை, ஒரு ஆள் படுத்திருக்கிற மாதிரி, அவ்வளவுதான். இடுக்கியால் எடுத்துக் கலத்துக்குள், அந்த ஜன்னலுக்குக் கீழே, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் கிடத்தினார். மேல்மூடியைப் பொருத்தி, பசை காயும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.