பெட்ரோல் பம்புக்கு ஒரு பீங்கான் கட்டை

நான் பத்தாவதோடு நின்றவன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னாலே வியர்த்துவிடும். எழுதும் தகுதி எனக்கு இருப்பதாக நினைக்கவில்லை. தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கு ஒரு வேலையைப் பற்றிச் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். விருத்தாசலத்தில் வாடகைக் கொட்டகையில் ஒர்க்ஷாப் வைத்திருந்தேன். கல்யாணமாகிச் சில மாதம்தான். மனைவி செல்வி பீங்கான் கம்பெனியில் ஃப்யூஸ் கட்டை அச்சில் அழுத்தும் வேலைக்குப் போனாள். எங்களுக்குள் பேச்சு குறைவு. “சாப்பிட்டியா?” என்பேன், “ஆச்சுங்க” என்பாள், அவ்வளவுதான்.

மங்கலம்பேட்டை காதர் பாய் தன் பழைய அம்பாசடரை லாரியில் கட்டி இழுத்து வந்தார். இன்ஜின் ஜாம். பாண்டியில் அதே மாடல் இன்ஜின் ஒன்று வாங்கி வைத்திருந்தார்.

“இத தூக்கிட்டு அத வச்சிரு தம்பி. வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள வண்டி ஓடணும்.”

காரணத்தையும் சொன்னார். அவர் மனைவிக்கு இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து உட்கார முடியாது, பஸ் ஏற முடியாது. நாகூரில் இருக்கும் அந்த அம்மாவின் அக்கா சனிக்கிழமை மகனோடு மலேசியாவுக்கே போகிறார். திரும்பி வருவது நிச்சயமில்லை.

“டாக்சி வைக்கலாமே பாய்?”

“டாக்சில கால நீட்ட முடியுமா? உள்ள எட்டிப் பாரு.”

பார்த்தேன். நீளமான முன் சீட்டை ஆசாரியை வைத்துப் பாதியாக அறுத்து, இடது பக்கத்தை எடுத்துவிட்டிருந்தார். பின் சீட்டோடு சேர்த்துப் பலகை அடித்து, அதன்மேல் மெத்தை. தலைப்பக்கம் பூப்போட்ட உறை மாட்டிய தலையணை.

இன்ஜின் மாற்றும் வேலை ஒழுங்காகத்தான் போனது. வாங்கி வந்த இன்ஜினில் பெட்ரோல் பம்பு இல்லை; பழைய இன்ஜினிலிருந்து அதைக் கழற்றும்போதுதான் சிக்கல். பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு விரல் கனத்தில் பேக்கலைட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் ஒரு கட்டை இருக்கும். சூடு பம்புக்கு ஏறாமல் தடுப்பது அதுதான். அது இல்லையென்றால் வெயிலில் பெட்ரோல் ஆவியாகி வண்டி வழியிலேயே நின்றுவிடும். பம்பை இயக்கும் ஆர்ம் என்ற நெம்புகோலும் அளவுக்கு மீறி உள்ளே போய், இன்ஜினுக்குள் சுழலும் கேம் ஷாஃப்ட் அடித்து உடையும். வருஷக்கணக்கில் வெந்திருந்த அந்தக் கட்டை, ஸ்க்ரூ டிரைவர் பட்டதும் மூன்று துண்டாகிவிட்டது. புதிது மெட்ராஸில் ஆர்டர் கொடுத்தால்தான் வரும் என்றார்கள். அதற்கு நாள் இல்லை.

அன்று சோறு போடும்போது செல்வி என் முகத்தைப் பார்த்தாள்.

“என்னங்க ஆச்சு?”

துண்டுகளைக் காட்டினேன். சேர்த்து வைத்துப் பார்த்தாள்.

“சூடு தாங்கணும், அவ்ளோதான? நாங்க செய்யறதே அதானங்க.”

மறுநாளே முதலாளியிடம் கேட்டுப் பச்சை மண்ணில் கட்டை செய்துவிட்டாள். பம்பைப் பிடிக்கும் ஸ்டட் கம்பிகளுக்கான ஓட்டைகள் சரியான பக்கத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க, காய்ந்ததும் ஒன்றை ஒர்க்ஷாப்புக்குக் கொண்டு வந்தாள். பக்கம் சரியாகத்தான் இருந்தது. சாயங்காலம் அதை எடுத்துப் போய்ச் சூளைக்குக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை செல்வி கொண்டு வந்த வெந்த கட்டையைப் பம்போடு வைத்தேன். ஓட்டைகள் ஸ்டட்டில் நுழையவில்லை. சுற்றளவும் சின்னது, கனமும் குறைவு. பாய் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

“தம்பி… அது வந்து… அன்னிக்கு இது பச்சையா இங்க இருந்தப்ப நீ வண்டிக்கு அடியில இருந்தியா. பழசோட வச்சுப் பாத்தேன், பெருசா இருந்துச்சு. ஓட்டையும் வெலகியிருந்துச்சு. ஒனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு எமரி பேப்பர்ல தேய்ச்சு சரி பண்ணி வச்சேன்.”

செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முடியாமல் சிரித்துவிட்டாள். அப்படி அவள் சிரித்து நான் கேட்டதில்லை.

“பாய், மண்ணு வெந்தா சுருங்கும். அதுக்குத்தான் பெருசா செஞ்சேன். பீங்கான் ஊருக்குப் பக்கத்துலயே இருந்துக்கிட்டு இது தெரியாதா ஒங்களுக்கு?”

“நான் ஜவுளிக்கடைக்காரன்மா. துணி தொவைச்சா சுருங்கும்னுதான் தெரியும்.” சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். “பாவி, நானே அவ பயணத்தக் கெடுத்துட்டனே.”

செல்வி சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தாள். துணியில் சுற்றிய இன்னொரு கட்டை.

“சூளையில ஒண்ணு வெடிச்சுடுமோன்னு ரெண்டா வச்சேன். இது யாரு கையும் படாதது.”

அது கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் அது ஒன்றுதான் மிச்சம். நட்டை ஒரு பக்கமாக இழுத்தால் பீங்கான் விரிசல் விட்டுவிடும். இரண்டு பக்கமும் பேப்பர் பேக்கிங் வைத்தேன். ஆர்மை கேம் அழுத்தாத இடத்துக்கு வரும்படி இன்ஜினைச் சுற்றினேன். செல்வி குனிந்து கட்டையையும் பம்பையும் பிடித்துக்கொண்டாள்.

“இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். அவசரப்படாதீங்க.”

அவள் விரலுக்குப் பக்கத்தில் என் ஸ்பானர். கால் சுற்று இங்கே, கால் சுற்று அங்கே. அவள் சொன்ன பக்கமே முறுக்கினேன்.

செல்ஃப் அடித்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தில் பெட்ரோல் மெல்ல ஏறியது. இன்ஜின் பிடித்தது. பாய் எழுந்து போய் அந்தத் தலையணையைத் தட்டிச் சரியாக வைத்தார்.

தம்பிகளுக்குச் சொல்ல வந்தது இதுதான். இரண்டு நட்டையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். பக்கத்தில் பிடித்துக்கொள்பவர் சொல்வதைக் கேளுங்கள்.

மறுநாள் சாயங்காலம் டீக்கடை போனுக்கு நாகூரிலிருந்து பாய் கூப்பிட்டார். “வண்டி எங்கயும் நிக்கல தம்பி” என்றார். பின்னால் இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனை வைத்துவிட்டு வந்து, ஒரு டெம்போவுக்கு கிளட்ச் கேபிள் மாற்றினேன்.