அரச இலைச் சுவருக்கு எதிர் ஜன்னல்

அப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, அம்பத்தூரில் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு சந்தில் வீடு கட்டினார். காலை வெயிலுக்காக முன்னறையில் கிழக்குப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல் வைத்தார். சில வருடங்களில் எதிரே ஓர் அலுவலகக் கட்டடம் எழும்பி அந்த வெயிலை விழுங்கிவிட்டது. ஆனாலும் அவர் உட்காருவது அந்த ஜன்னலோரம்தான். பக்கவாதம் வந்து படுத்தபோது கட்டிலையும் அங்கேயே போட்டோம்.

வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. வலது கண்ணிமை முழுதாக மூடாது. மூக்கில் குழாய் போட்டுக் கஞ்சி ஊற்றினோம். அசைவது இடது கை மட்டும்தான்.

வீட்டில் அண்ணன், அண்ணி, நான். அம்மா முன்பே இறந்துவிட்டார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆவடியில் ஒரு பள்ளியில் ஆசிரியை. பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஓர் அம்மா வருவார்.

அந்த வருடம் வெயில் காலத்தில் எதிர்க் கட்டடத்துக்குச் சாரம் கட்டினார்கள். எங்கள் பக்கத்துச் சுவர் முழுக்க உள்ளங்கை அகலத்தில் ஆயிரக்கணக்கான இலைகளைப் பொருத்தினார்கள். அரச இலையைப் பார்த்துச் செய்தவை. முன்பக்கம் கருப்பு, பின்பக்கம் பளபளப்பு. வெயில் பட்டாலும் மின்சாரம், காற்றில் ஆடினாலும் மின்சாரம் என்று சந்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். சாரத்தைப் பிரித்த அன்று நானும் வாசலில் நின்று வாய் பிளந்து பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

ஆனி மாதம் மேல்காற்று பலமானது. அப்பா மத்தியானங்களில் அழுவதாகச் சொன்னார்கள். நான் திரும்பி வரும் நேரத்தில் ஓய்ந்து கிடப்பார்.

“பெருசுக்கு வரவர முரண்டு ஜாஸ்தியாயிடுச்சி டீச்சரம்மா,” என்றார் அந்த அம்மா. “மத்தியானம் ஆனா போதும், ஒரே கத்தல்.”

“எல்லாம் நம்மள வேல வாங்கத்தான்,” என்றாள் அண்ணி.

ஒரு நாள் பள்ளி நிர்வாகி வீட்டில் துக்கம் என்று மதியத்தோடு விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து முன்னறைக் கதவைத் திறந்தேன். அறை முழுவதும் வெளிச்சம் துடித்துக்கொண்டிருந்தது. எதிர்ச் சுவரில் இலைகள் படபடக்க, ஒவ்வொரு படபடப்பும் கண்ணாடிச் சில்லுபோல உள்ளே தெறித்தது. வாசலில் நின்ற எனக்கே தலை சுற்றியது. அத்தனையும் அப்பாவின் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. மூடாத அந்தக் கண் சிவந்து நீர் வடிந்தது. வாயிலிருந்து ஒரு முனகல். இடது கை கட்டில் சட்டத்தோடு துண்டால் கட்டப்பட்டிருந்தது.

“யார் கட்டினது இத?”

“உங்க அண்ணிதான் கட்டச் சொல்லிச்சி,” என்றார் பின்னாலேயே வந்த அந்த அம்மா. “ கைய கைய மூஞ்சிக்குத் தூக்கினு போறாரு. டியூப்பப் புடுங்கிட்டாருன்னா?”

முடிச்சை அவிழ்த்தேன். கை விடுபட்டதும் நேராகக் கண்ணுக்குத்தான் போனது. குழாயைத் தொடவே இல்லை. கண்ணைப் பொத்திக்கொண்டு மூச்சு வாங்கினார். மணிக்கட்டில் தோல் உரிந்திருந்தது.

அந்த அம்மா, “கண்ணு கூசுதுன்னு வாயத் தொறந்து சொன்னாதான தெரியும்,” என்று துண்டை உதறி மடித்தார்.

ஜன்னலில் போர்வையைக் கட்டினேன். வெளிச்சம் நின்றது, காற்றும் நின்றது. அறை அடுப்பாகிவிட்டது. அப்பாவின் முதுகில் புண் வரத் தொடங்கியது. பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு எதிர்க் கட்டடத்துக்குப் போனேன். கழுத்தில் அட்டை தொங்க ஓர் இளம் மேலாளர் வந்து, சோபாவில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார். அப்பாவின் நிலையைச் சொன்னேன்.

“எங்க ஜன்னலுக்கு நேரா இருக்கிற இலைகள மட்டும் ஆடாம கட்டி வைக்க முடியுமா சார்?”

அவர் சிரித்தார். “ஆடாத இலையில கரன்ட் எப்படி மேடம் வரும்? இயற்கை எப்படியோ அப்படியே பண்ணியிருக்கோம். நீங்க ஒரு நல்ல கர்ட்டன் போடுங்களேன்.” பிறகு ஏதோ நினைத்தவர்போல, “உங்க ஜன்னல்லருந்து பாத்தா முழுச் சுவரும் தெரியுமா?” என்று கேட்டார்.

தெரியும் என்றேன். நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். எனக்கு நம்பிக்கை வந்தது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமையே வந்தார், கேமராக்காரர்கள் இருவரோடு. அண்ணன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தான். அவனிடம் முன்பே பேசிவிட்டார்கள் போலிருக்கிறது.

“இன்னா லுக்கு தெரியுமா நம்ம ஊட்டு ஜன்னல்லேர்ந்து! வெளம்பரத்துக்கு வேற எங்கேர்ந்தும் இப்டி வராதாம்,” என்றான் என்னிடம்.

கேமராக்காரர் போர்வையை அவிழ்த்தார். குபீரென்று வெளிச்சம் பாய்ந்தது. அப்பா கையைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்.

“பெரியவர் கட்டில கொஞ்சம் நகர்த்திக்கலாமா? ஸ்டாண்டு வைக்க இடம் பத்தல.”

நகர்த்தினார்கள். அது போதவில்லை. கடைசியில் அண்ணனும் மேலாளரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கட்டிலைச் சமையலறைக்குப் போகும் நடையில் கொண்டுபோய்விட்டார்கள். காஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில். நிலைப்படியில் கட்டில் இடித்தபோது அப்பாவின் தலை ஒருமுறை ஆடி நின்றது. “பாத்து, பாத்து,” என்றார் மேலாளர். நிலைப்படியின் பெயின்டைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க அப்பா இதாலதான் கஷ்டப்படறார்னு சொன்னேனே சார்,” என்றேன்.

“இப்ப பாருங்க, வெளிச்சமே இல்ல. பிரச்சினை சால்வ்டு,” என்றார்.

படம் எடுத்து முடித்துப் போனார்கள். கட்டில் திரும்பி வரவில்லை. இன்று நகர்த்தலாம், நாளைக்கு ஆகட்டும் என்று போய்க்கொண்டே இருந்தது. அதற்குள் அண்ணன் முன்னறைக்கு ஒரு சோபா வாங்கிப் போட்டான். அவன் நண்பர்கள் வந்து சுவரைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

“இங்கதான் நிம்மதியா கீறாரு. கத்தறதே இல்ல, பாத்தியா?” என்றாள் அண்ணி, கட்டிலைத் தாண்டிக் குழம்புச் சட்டியோடு போய்க்கொண்டே.

உண்மைதான். அவர் கத்தவில்லை. தாளிக்கும்போது மட்டும் இருமினார்.

ஒரு சாயங்காலம் யாரும் இல்லாதபோது அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “அப்பா, எங்க படுக்கணும் உங்களுக்கு?” என்று கேட்டேன். கையை மெல்லத் தூக்கி முன்னறைப் பக்கம் காட்டினார்.

“கண்ணு கூசுமே.”

மறுபடியும் காட்டினார். கை நடுங்கிக் கீழே விழுந்தது. தூக்கி இன்னொரு முறை காட்டினார்.

அண்ணனிடம் சொன்னேன். “சோபாவ எங்க போடறது? உன் தலை மேலயா?” என்றான். நான் தனியாகக் கட்டிலை இழுத்துப் பார்த்தேன். முன்னறை நிலைப்படியைக்கூடத் தாண்டவில்லை.

ஐப்பசி மழையில் அப்பாவுக்குச் சளி கட்டியது. ஒரு காலை நான் ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, அண்ணி கடுகு டப்பாவை எடுக்கப் போனவள், கட்டிலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். போய்த் தொட்டேன். சில்லிட்டிருந்தார்.

சொந்தக்காரர்கள் வருவதற்குள் அண்ணனும் பக்கத்து வீட்டுக்காரரும் சோபாவை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு அப்பாவை முன்னறையில் கிடத்தினார்கள். வந்தவர்களிடமெல்லாம் அண்ணன், “கடைசி வரிக்கும் கூடவே வச்சினு பாத்துக்குனோம்,” என்றான்.

காரியம் முடிந்த மறுவாரம் பள்ளிக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டு ஆவடிக்குப் போய்விட்டேன். பெட்டியை எடுத்தபோது அண்ணன் தடுக்கவில்லை. “ஆட்டோ சொல்லவா?” என்று மட்டும் கேட்டான்.