ஆணியில் தொங்கிய நீலச் சீருடை

போராட்டக்காரன் தொழிலில் தொண்டை கட்டுவது நிச்சயம், கோரிக்கை கிடைப்பது சந்தேகம்; கோஷம் போட்டுப் பழகிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று முறை சிறைக்குப் போயிருக்கிறேன். ஒரு மேடையிலும் எனக்கு நாற்காலி போட்டதில்லை. ஆனாலும் நான் நன்றி சொல்ல ஒருத்தி இருக்கிறாள்.

வறுமையே அடிக்கிறது

மீன்பிடித் தடைக்காலத்தில், கடப்பாக்கத்தில் இந்தத் தலைப்பில் துண்டறிக்கை கொடுத்தேன். கடலுக்குப் போக முடியாத ஆண்கள் வீட்டில் கை நீட்டுகிறார்கள். நிவாரணத்தை உயர்த்தினால் அடி குறையும் என்று எழுதியிருந்தேன். நல்ல அறிக்கை, இன்றும் சொல்வேன். மீன் விற்கும் அஞ்சலை, அடிபட்ட கையில் துணிக்கட்டோடு நின்று கடைசி வரி வரை படித்தாள். அவள் புருஷன் சேகர் எங்கள் மீனவர் சங்க உறுப்பினன்.

“வறுமை எனக்குந்தான் கீது அண்ணாத்த. நான் யாரை அடிச்சேன்?”

கொடி மாட்டும் ஆணி

தடைக்காலம் முடிந்தது. சேகர் கடலுக்குப் போனான். அஞ்சலைக்கும் மாமல்லபுரம் பக்கம் ஒரு விடுதியில் அறை சுத்தம் செய்யும் வேலை கிடைத்தது. என் அறிக்கைப்படி அடி நின்றிருக்க வேண்டும். கூடியது. ‘பொண்டாட்டி சம்பளத்துல துன்றியா’ என்று டீக்கடையில் கேலி செய்தார்களாம். அவன் வீட்டுக்கு வந்து அவள் சீருடையைத் தண்ணீரில் முக்கிவிடுவான். சீருடை இல்லாமல் விடுதி வேனில் ஏற்ற மாட்டார்கள். இன்னொரு நாள் வராவிட்டால் வேலை கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள். சங்க அலுவலகத்தில் சீருடை மாட்ட ஓர் ஆணி கேட்டு வந்தாள். இருந்தது ஒன்றுதான், அது கொடிக்கு என்றார் செயலாளர்.

“கொடி வருசத்துக்கு ரெண்டு நாளுதான் வெளிய போவுது. நான் தெனம் போவணும்.”

முதல் வரி

கொடியை மடித்து வைத்துவிட்டு, அந்த ஆணியில் அவள் சீருடையை மாட்டினேன். அது தெரிந்து சேகர் அலுவலக வாசலில் வந்து கத்தினான், “எங்க வூட்டு விசயத்துல உனக்கு இன்னா வேலை?” போலீஸ் தடிக்கு ஒதுங்காத நான், இந்தக் கேள்விக்கு எத்தனையோ வாசல்களில் ஒதுங்கியிருக்கிறேன். அன்று நகரவில்லை. மறுநாள், குடும்ப வன்முறைப் புகார்களைப் பார்க்கும் செங்கல்பட்டு பாதுகாப்பு அலுவலருக்கு மனு எழுத உட்கார்ந்தேன். பழக்கதோஷம், விலைவாசி, வேலையின்மை என்று ஆரம்பித்துவிட்டேன். அஞ்சலை பேனாவைப் பிடித்து நிறுத்தினாள்.

“அதெல்லாம் அப்பால எழுது அண்ணாத்த. அடிச்சது யாருன்னு மொத வரியில போடு.”

சேகர் அந்த வீட்டை நெருங்கக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு வந்து, சீருடை அவள் வீட்டுக்கே போய்விட்ட பிறகு, இத்தனை வருடப் போராட்டத்தில் நான் முழுசாக வென்றது என்று காட்ட கொடியைத் திரும்ப மாட்டாமல் எங்கள் சுவரில் காலியாக விட்டிருக்கும் அந்த ஆணி ஒன்றுதான் இருக்கிறது.