பதினேழாவது வரி

மருத்துவமனையில் அவளுக்கு டேபிள் அக்கா என்று பெயர். நோயாளிகளின் விவரம் அத்தனையும் டேபிள் டேபிளாக, அதாவது அட்டவணைகளாக, இருக்கும் டேட்டாபேஸ் எட்டு வருடமாக அவள் பொறுப்பு. யார் எந்தப் பட்டியல் கேட்டாலும் டீ ஆறுவதற்குள் எடுத்துக் கொடுத்துவிடுவாள். கொடுத்த கையோடு, இதற்கு நீங்களே ஒரு பட்டனை அமுக்கியிருக்கலாமே என்று ஒரு குத்தலும் போடுவாள். வேலையில் புலிதான். ஒரே ஒரு வேலையை மட்டும் நாலு வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள்.

பிறந்த குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கும் மெஷின், ஒவ்வொரு சோதனையின் முடிவையும் தானாகவே கிளவுடில் ஒரு ஃபைலாகப் போட்டுவிடும். டேட்டாபேஸில் சோதனை நடந்த தேதி மட்டும்தான் ஏறும். முடிவைப் பார்த்துச் சொல்ல ஒரு டெக்னீஷியன் இருந்தார். ஏழு வருடத்துக்கு முன் அவர் வேலையை விட்டுப் போனதும், டாக்டர் பார்ப்பார் என்று நர்ஸுகளும், நர்ஸ் பார்ப்பார் என்று டாக்டர்களும் இருந்துவிட்டார்கள். ஃபைல்கள் பாட்டுக்குக் குவிந்தன. நாலு வருடத்துக்கு முன் அவை டேபிள் அக்காவின் கண்ணில் பட்டன. டேட்டாபேஸோடு இணைக்க வேண்டும் என்று நோட்டில் எழுதி வைத்தாள், அதோடு சரி. பழைய ஃபைலை யார் கேட்கப்போகிறார்கள் என்ற அலட்சியம்.

கேட்டார் ஒருவர். காது பிரிவுக்குப் புதிதாக வந்த டாக்டரம்மா, சோதனையில் தேறாத குழந்தைகள் எத்தனை பேர், அவர்களில் மறு சோதனைக்கு வராதவர்கள் யார் என்று பட்டியல் கேட்டார்.

அவள் ஒரு ஃபெடரேட்டட் டேபிள் போட்டாள். ஃபைல்கள் கிளவுடிலேயே கிடக்கும், ஒன்றையும் நகர்த்த வேண்டாம். டேட்டாபேஸ் அவற்றைத் தன் சொந்த டேபிள் போலவே படித்துக்கொள்ளும். பக்கத்து வீட்டு அலமாரியை நம் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்ப்பது மாதிரிதான். நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. இதற்கா நாலு வருடம் என்று அவளுக்கே சிரிப்பு வந்தது.

பட்டியலைத் தேடி எடுக்கும் க்வெரியை ஓடவிட்டாள். அறுபத்து மூன்று வரிகள் வந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இறங்கினாள். பதினேழாவது வரியில் தாயின் பதிவு எண் அவளுடையது.

ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி, இதே மருத்துவமனையில் அவளுக்கு மகள் பிறந்த மறுநாள். வலது காது சரி, இடது காது தேறவில்லை. க்வெரியில்தான் கோளாறு என்று திரும்ப ஓடவிட்டாள். அதே வரி. டேபிளின் கட்டங்களை மாற்றிப் போட்டுவிட்டோமோ என்று கிளவுடில் இருந்த ஃபைலையே நேராகத் திறந்தாள். அதிலும் அதேதான். தன் வேலையில் தப்பு இருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டது அன்று ஒருநாள்தான். தப்பு இல்லை.

வீட்டில் மகளுக்கு அவள் வைத்திருந்த பட்டப்பெயர் கல்லுளிமங்கி. நாலு தரம் கூப்பிட்டாலும் திரும்பாது அந்தப் பெண். வலது பக்கம் ஒருக்களித்துத் தூங்கினால் அலாரம் அடித்தாலும் எழுந்திருக்காது, முகத்தில் தண்ணீர்தான் தெளிக்க வேண்டும். போன வாரம்கூட, நீ கூப்பிட்டது காதில் விழவில்லை என்று குழந்தை சொன்னபோது, பொய் வேறா என்று முதுகில் ஒன்று வைத்திருந்தாள். அந்த அடியின் சத்தம் இப்போது அவளுக்குக் கேட்டது.

பட்டியலை டாக்டரம்மாவிடம் எடுத்துப் போனாள்.

"பதினேழாவது என் பொண்ணு, டாக்டர்."

டாக்டரம்மா காகிதத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு தரம் தேறாததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, நாளைக்குக் காலையில் முதல் ஆளாகக் கூட்டி வாருங்கள் என்றார். மற்ற அறுபத்திரண்டு வீட்டுக்கும் இன்றே சொல்லியாக வேண்டும் என்றார். அவர்களுக்கெல்லாம் ஃபோன் போட்டுவிட்டு அவள் கிளம்பும்போது மணி ஐந்து. ஒரு தாய் அவளை ஃபோனிலேயே நாறடித்தாள். வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் மகள் சாப்பாட்டு மேஜையில் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். டேபிள் அக்கா பூனை மாதிரி பின்னால் போய், இடது காதருகே குனிந்து, ஐஸ்க்ரீம் வேணுமா என்று முணுமுணுத்தாள். பென்சில் நிற்கவே இல்லை. இன்னொரு தரம் சொன்னாள். யானையின் தும்பிக்கைக்கு நீலம் ஏறிக்கொண்டே இருந்தது.

வலது பக்கம் வந்து அதே குரலில் சொன்னாள். குழந்தை பென்சிலைப் போட்டுவிட்டுச் சட்டென்று திரும்பியது.

"வேணும்!"

அவள் இடது பக்கத்தைக் காட்டினாள். "அந்தப் பக்கம் வந்தும் சொன்னேனேம்மா."

"அது கேக்காத காது," என்றாள் மகள், இதுகூடத் தெரியாதா என்பது போல. பிறகு அம்மாவின் முகத்தை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உனக்கு எந்தக் காதும்மா கேக்காது?"