காஜா பாயின் மாடி

தாராவியில் நான் தோல் பை பட்டறை தொடங்கிய புதிது. முதல் ஏற்றுமதி ஆர்டருக்காக ஜெர்மனியிலிருந்து ஓர் அம்மா சரக்கைப் பார்க்க வந்திருந்தார். அப்போது பெய்த மழையில் சந்துத் தண்ணீர் பட்டறைக்குள் ஏறிவிட்டது. பைகள் நனைந்தால் எல்லாமே போச்சு.

எதிர்ப் பட்டறை காஜா பாயும் அதே ஆர்டருக்கு முயன்றவர்; என்னோடு பேச்சே கிடையாது. அவர்தான் கத்தினார்: "ஏலே, என்ன பாத்துக்கிட்டு நிக்க? என் மாடி சும்மாதான் கெடக்கு, தூக்கிட்டு வா!"

அந்த அம்மாவும் செருப்பைக் கழற்றிவிட்டு எங்களோடு பை சுமந்தார். மாடியில் டீ குடிக்கும்போது, பாயைக் காட்டி "இவர் யார்?" என்று கேட்டார்.

"என் பார்ட்னர்" என்று வாயில் வந்துவிட்டது. பாய் என்னைப் பார்த்தார். மறுக்கவில்லை.

அப்படியே ஆகிப்போனோம். இப்போது வெளிநாட்டு வர்த்தக மாநாடுகளில் கூட்டுத்தொழில் பற்றி என்னைப் பேசச் சொல்கிறார்கள். மேடை ஏறும்போதெல்லாம், பக்கத்தில் நிற்க பாய் உயிரோடு இல்லையே என்றுதான் இருக்கிறது.